டீடாக்ஸ் மட்டும் போதுமா, இல்ல மெத்தடோன், பியூப்ரினார்ஃபின், நால்ட்ரெக்சோன் ஊசியா?

ஹெராயின், ஃபென்டனில், வலி மாத்திரைன்னு ஓபியாய்டுல மாட்டினவங்க வீட்ல முதல்ல கேக்குற கேள்வி, "பத்து நாள் அட்மிட் பண்ணி உடம்பை கிளீன் பண்ணிட்டா சரியாயிடும்ல?" தான். என் தம்பிக்காக நானும் அதையேதான் கேட்டேன். அப்படி உடம்பை கிளீன் பண்றதுதான் டீடாக்ஸ், மத்த மூணும் போதைப் பழக்கத்துக்குக் கொடுக்கிற மருந்து. இந்த நாலுல எனக்கு பயமே டீடாக்ஸ் மட்டும் பண்ணி அனுப்புறது மேலதான்.

வெளிய வரும்போது ஆள் பாக்க தெளிவா இருப்பாங்க, ஆனா உடம்போட தாங்குற சக்தி கொறஞ்சிருக்கும், ஏக்கம் கொறஞ்சிருக்காது, பழைய அளவையே ஒரு தடவை எடுத்தா மூச்சு நின்னுடலாம். 2003ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஸ்வீடன் ஆய்வு சின்னதுதான், மொத்தமே 40 பேர். பாதி பேருக்கு ஒரு வருஷம் பியூப்ரினார்ஃபின், மீதி பேருக்கு ஆறு நாள்ல அதைக் கொறச்சு நிறுத்திட்டு மருந்தில்லாத போலி மாத்திரை, கவுன்சிலிங் ரெண்டு பக்கமும் உண்டு. வருஷ முடிவுல மருந்து பக்கம் 15 பேர் சிகிச்சைல இருந்தாங்க, போலி மாத்திரை பக்கம் ஒருத்தர்கூட இல்ல, நாலு பேர் செத்தே போயிட்டாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல.

மெத்தடோனும் ஒரு ஓபியாய்டுதான், ஆனா ரொம்ப நேரம் நிக்கும், அதனால ஏக்கத்தை அடக்கும். இது 1965லயே டோல், நைஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டர்கள் நியூயார்க்ல செஞ்ச ஆய்வுல இருந்து வந்தது. ரொம்ப அதிகமா எடுத்து பழகினவங்களை சிகிச்சைல பிடிச்சு நிறுத்துறதுல இதுதான் கெட்டி. ஆனா மருந்து உடம்புல மெதுவா சேரும், அதனால முதல் ரெண்டு வாரம் ரொம்ப கவனம் வேணும், இதயத் துடிப்பு சரியா இருக்கான்னு இசிஜியும் பாக்கணும், நிறைய இடத்துல தினமும் சென்டருக்கே போய்தான் குடிக்கணும்.

பியூப்ரினார்ஃபினும் மூளைல ஹெராயின் போய் ஒட்டுற அதே இடத்துலதான் ஒட்டும், ஆனா அதை அரைகுறையாதான் தூண்டும், ஒரு கட்டத்துக்கு மேல மூச்சை அமுக்காது, தூக்க மாத்திரையோ சாராயமோ கூட சேர்ந்தா மட்டும் அந்தப் பாதுகாப்பு போயிடும். சிக்கல் முதல் டோஸ்ல. பழைய சரக்கு உடம்புல இருக்கும்போதே கொடுத்தா வித்ட்ராவல், அதாவது போதையை விடும்போது வர்ற உடம்பு அவஸ்தை, ஒரேயடியா தூக்கி அடிக்கும். தம்பி கொட்டாவி மேல கொட்டாவி விட்டு, மூக்கு ஒழுகி, கையெல்லாம் புல்லரிக்கிற வரைக்கும் காக்க வச்சுதான் நாக்குக்கு அடில மாத்திரை வச்சாங்க, கரையுற வரைக்கும் பேசக்கூடாது, முழுங்கக்கூடாது. கொஞ்ச நேரத்துல போர்வையைத் தள்ளிட்டு தண்ணி கேட்டான். பிரான்ஸ்ல 1990கள் நடுவுல சாதாரண குடும்ப டாக்டரே இதை எழுதலாம்னு விட்டாங்க, நாலஞ்சு வருஷத்துல ஓவர்டோஸ் சாவு ஏறக்குறைய 80 சதவீதம் கொறஞ்சுது.

நால்ட்ரெக்சோன் மாசம் ஒரு ஊசி, ஓபியாய்டு வேலை செய்யாம தடுக்கும், இதுல போதையே கிடையாது, அதனாலயே வீட்ல எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா ஆரம்பிக்கவே 7லருந்து 10 நாள் எதையும் தொடாம இருக்கணும். 2018ல அமெரிக்கால 570 பேரை வச்சு ஒப்பிட்டப்போ, ஊசி பக்கம் 28 சதவீதம் பேரால ஆரம்பிக்கவே முடியல, பியூப்ரினார்ஃபின் பக்கம் அது 6 சதவீதம்தான். ஆரம்பிச்சவங்க மட்டும்னு பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏற்கனவே பல வாரம் விட்டு இருக்கிறவங்களுக்கு நல்ல வழி, இன்னைக்கும் எடுத்துட்டு இருக்கிறவங்களுக்கு இதை நான் முதல்ல சொல்ல மாட்டேன்.

"ஒரு போதைக்கு பதிலா இன்னொரு போதை"ன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, எங்ககிட்டயும் சொன்னாங்க. சரியான டோஸ்ல இருக்கிறவன் வேலைக்குப் போறான், தூங்குறான், பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிறான், இதுக்குப் பேரு போதையா? மருந்தை எப்ப நிறுத்துறதுன்னு நாங்க இப்ப கேக்குறதே இல்ல, ஓவர்டோஸ் ஆனா மூக்குல அடிச்சு மூச்சைத் திருப்பிக் கொண்டு வர்ற நலாக்சோன் ஸ்ப்ரே ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் கைக்கெட்டுற மாதிரி அலமாரில எப்பவும் இருக்கு.