அப்டைம் குமா: டூல் சூப்பர், ஆனா பிங்கை மட்டும் நம்பி உக்காராதீங்க

சைட் படுத்துருச்சுன்னு கிளையன்ட் போன் பண்றதுக்கு முன்னாடி நமக்கே தெரியணும், அதுக்கு மாசாமாசம் காசும் கட்டக்கூடாதுன்னு நினைக்கறவங்களுக்கு அப்டைம் குமா தான் என் சாய்ஸ். நம்ம சைட் ஓடுதான்னு விடாம செக் பண்ணி, படுத்தா அலர்ட் அனுப்பற டூல் இது. ஓப்பன் சோர்ஸ், 2021ல வந்தது. டாக்கர் (ப்ரோக்ராமை பேக்கேஜா அப்படியே ஓட்டற சாஃப்ட்வேர்) இருந்தா ஒரு கமாண்ட் போதும், 3001 போர்ட்ல வந்து நின்னுடும். ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல கூட ஓடும், அவ்ளோ லைட்டு.

பிரச்சனை டூல்ல இல்ல, நாம அதை செட் பண்ற விதத்துல. முக்கால்வாசி பேரு புது மானிட்டர்னு (ஒவ்வொரு செக்குக்கும் குமாவுல பேரு மானிட்டர்) போயி டைப்ல பிங்கை செலக்ட் பண்ணி டொமைனை போட்டுட்டு வரிசையா பச்சைக் கட்டம் வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு போயிடறாங்க. பிங்குங்கறது 1983ல மைக் மூஸ்னு ஒருத்தர் அமெரிக்க ராணுவ லேப்ல இருக்கும்போது நெட்வொர்க் ஏதோ மக்கர் பண்ணுதேன்னு எழுதுன ப்ரோக்ராம், அப்ப வெப்சைட்டுங்கற சமாச்சாரமே கிடையாது. அது 'இருக்கியா?'ன்னு கேக்கற மாதிரி ஒரு ஐசிஎம்பி பாக்கெட் அனுப்பும், அந்தப் பக்கம் கெர்னலே (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பதில் அனுப்பிடும், அவ்ளோதான். பேஜை அனுப்பற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் செத்து கிடந்தாலும், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் நின்னு போனாலும் பிங் ஜம்முனு வரும். வாட்ச்மேன் குரல் குடுக்கறாருங்கறதுக்காக கடையில கல்லா திறந்திருக்குன்னு அர்த்தமா?

சைட்டுக்கு முன்னாடி நின்னு டிராஃபிக்கை வாங்கி அனுப்பற கிளவுட்ஃப்ளேர் ப்ராக்ஸி போட்டிருந்தா இன்னும் மோசம். டொமைனை பிங் பண்ணா பதில் சொல்றது அவங்க எட்ஜ் சர்வர், உங்க சர்வர் இல்ல. பாக்கறவங்களுக்கு 522 எரர் (கிளவுட்ஃப்ளேரால உங்க சர்வரை பிடிக்க முடியலன்னு அர்த்தம்) வந்துட்டிருக்கும், உங்க டேஷ்போர்டு பச்சையா சிரிச்சிட்டிருக்கும். இதுக்கு நேர் உல்டாவும் உண்டு, அமேசானோட கிளவுட் ஏடபிள்யூஎஸ்ல, செக்யூரிட்டி குரூப்ங்கற ஃபயர்வால்ல ஐசிஎம்பியை நாமளா திறந்து விடலன்னா சைட் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே பிங் டைம் அவுட் ஆகும்.

அதனால குமாவுல எச்டிடிபி கீவேர்டு டைப் எடுங்க. ஃபுட்டர்ல வர்ற கம்பெனி பேரு மாதிரி ஏதாவது ஒரு வார்த்தைய குடுத்துட்டா பேஜ்ல அது இருக்கான்னு தேடும். டொமைன் எக்ஸ்பைரி ஆகி பார்க்கிங் பேஜ் (டொமைன் கம்பெனி வைக்கற டம்மி பக்கம்) வந்தாலும் எல்லாம் சரின்னு சொல்ற 200 ஓகே தான் வரும், ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், கீவேர்டு தான் பிடிச்சு குடுக்கும்.

அப்ப பிங் தேவையே இல்லையான்னா, வேணும், ரெண்டாவது மானிட்டரா சர்வர் ஐபிக்கு போட்டு வைங்க. கீவேர்டு சிவப்பு பிங் பச்சைன்னா மெஷின் உயிரோட இருக்கு, ஆப்ல தான் கோளாறு. ரெண்டும் சிவப்புன்னா ஹோஸ்டிங்காரனுக்கு டிக்கெட் போடுங்க. லேட்டன்சி (பதில் வர ஆகற நேரம்) கிராஃபும் ஒரு தடவை பாத்து பழகிக்கங்க, சென்னைலேர்ந்து அமெரிக்க சர்வருக்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல போறது சகஜம், அதைப் பாத்து பதறாதீங்க.

ஒரு செக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இன்டர்வெல் 60 செகண்டே போதும், இன்னும் குறைக்கலாம், ஆனா எதுக்கு? ரீட்ரைய (அலர்ட் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை தடவை திரும்ப செக் பண்ணனும்ங்கறது) மட்டும் 2 அல்லது 3 வைங்க, இல்லன்னா நெட்வொர்க் லேசா விக்குனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு டெலிகிராம்ல அலறும். எஸ்எஸ்எல் (சைட்டோட https பூட்டுக்கான சர்டிஃபிகேட்) முடியப்போகுதுன்னு 21, 14, 7 நாள் முன்னாடியே சொல்லிடுது, அது பெரிய நிம்மதி.

குறைன்னு பாத்தா ஒரே இடத்துலேர்ந்து தான் செக் பண்ணும், அந்த இடத்துல நெட் போனா எல்லா சைட்டும் டவுன்னு காட்டும். டீமுக்கு தனித்தனி யூசரும் கிடையாது. அப்புறம், சைட் இருக்கற அதே விபிஎஸ்ல (வாடகை சர்வர்ல) குமாவையும் போடாதீங்க, அது விழுந்தா இதுவும் சேந்து விழும், அலர்ட் அனுப்ப ஆளே இருக்காது.