ஆர்னிகா ஜெல்: ரத்தக்கட்டுக்கு ஓகே, ஆனா லேபிளைப் பாத்து வாங்குங்க

ரத்தக்கட்டுன்னா எங்க வீட்ல மூசாம்பரம் பத்துதான், அதக் குழைச்சு சூடா போட்டா வலி கேக்கும், ஆனா காலும் கருப்பு பெட்ஷீட்டும் கருப்பு, அதான் இந்த தடவ ஆர்னிகாங்குற மஞ்சப் பூவோட சாறு சேர்த்த ஜெல் வாங்கிப் பாத்தேன். பைக் ஸ்டாண்டுல இடிச்சு முட்டிக்குக் கீழ கன்னிப்போயிருந்துச்சு. தடவுனதும் ஜில்லுனு இருக்கு, அது ஆல்கஹால் பண்ற வேல, பூவோட மகிமைன்னு நெனச்சிடாதீங்க. பிசுபிசுப்பு இல்ல, காயும்போது தோல் லேசா இழுக்கும், கால் முடியெல்லாம் படிஞ்சு ஒட்டிக்கும். வலி கொறஞ்சது நிஜம்தான், ஆனா ரத்தக்கட்டு எப்பிடியும் மஞ்சளாகி தானா மறையும், அதனால முழு மார்க்கும் ஜெல்லுக்குக் குடுக்க மனசு வரல.

அதுக்குன்னு சும்மா ஏமாத்து வேலையும் இல்ல. 2007ல வந்த ஒரு ஆய்வுல, கை விரல் மூட்டு தேய்மானம் உள்ள 204 பேர்ல ஒரு பாதிக்கு ஆர்னிகா ஜெல்லும் மறுபாதிக்கு ஐபுப்ரோஃபென்ங்குற வலி மருந்து ஜெல்லும் 21 நாள் குடுத்துப் பாத்ததுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வேல செஞ்சுச்சு. ஆனா அது நல்ல ஸ்ட்ராங்கா பூச்சாறு சேர்த்த ஜெல். நம்ம கடையில இருக்குற பாதி அயிட்டத்துல எவ்வளவு சேர்த்திருக்காங்கன்னே போடல, மஞ்சப் பூ படம் மட்டும் பெருசா இருக்கு. அந்தப் பூ ஐரோப்பா மலைப் புல்வெளியில, அதுவும் உரம் போடாத சத்துக் கம்மியான மண்ணுல வளர்றது, உரம் போட்டா காணாமப் போயிடும், ருமேனியா மலைப்பக்கம் இன்னும் காட்டுல போய் கையால பறிக்கிறாங்க. அப்பிடிப்பட்ட சரக்க, ஆர்னிகான்னு பேர் போட்டு விக்கிற ஹேர் ஆயில்ல லிட்டர் கணக்குல ஊத்துறாங்கன்னா எனக்கு நம்பிக்கை இல்லப்பா.

கடைக்காரர் கூடவே ஆர்னிகா 30சின்னு ஹோமியோபதி சர்க்கரை உருண்டையும் எடுத்து வச்சாரு, வேணாம்னுட்டேன். நூறுல ஒரு பங்கா 30 தடவ கரைச்சதுல பூவோட ஒரு துளிகூட மிஞ்சாது, சர்க்கரைக்கு எதுக்கு காசு.

தோல் கிழிஞ்ச எடத்துல ஜெல்லத் தடவாதீங்க, வாய்லயும் படக்கூடாது, பூவுல ஹெலனாலின்னு விஷச்சத்து இருக்கு. சாமந்தி கட்டுனாலே கை அரிக்குதுன்னா இத தொடவே வேணாம், ரெண்டும் ஒரே குடும்பம்.

அஞ்சுக்கு மூணு. மூடி ஒழுங்கா இருந்திருந்தா மூணரை, பைக்குள்ள கசிஞ்சு ஹெட்செட்டெல்லாம் ஜெல்லு.