முன் பிரேக் ரோட்டார், பேட் செட்: வீட்டிலேயே மாட்டிப் பார்த்தேன்

இரண்டு ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு), நான்கு பேட் (அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை), கூடவே பேடை இடத்தில் நிறுத்தும் புதிய கிளிப்புகள் என ஒரே பெட்டியில் வந்த செட் இது. கிளிப்பையும் சேர்த்துக் கொடுத்ததற்கே தனியாக மதிப்பெண் போடலாம்.

ரோட்டார் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருக்கிறார்கள். பிரேக் கிளீனரை அடித்து, துணியில் பிசுக்கு ஒட்டுவது நிற்கும்வரை துடைத்த பிறகே மாட்ட வேண்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பெரிய குறை. எண்ணெய் பேடில் ஊறிவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அப்புறம் புது பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பொருத்தம் கச்சிதம். ரோட்டார் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுத்தான் வைத்தேன். அங்கே மெல்லிய பொருக்கு இருந்தாலும் ரோட்டார் கோணலாக உட்கார்ந்து, நாளடைவில் பெடல் அதிரத் தொடங்கும். பேடை அழுத்தும் பாகமான காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி, அதற்குள் இருக்கும் பிஸ்டனை சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளினேன். பேட் மல்லுக்கட்டாமல் உட்கார்ந்தது. செட்டோடு வந்த கிரீஸ் பொட்டலத்தில்தான் கஞ்சத்தனம். ஒரு பக்கத்துக்கே காலி.

வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் மிதி தரைக்கே போகும். ஆரம்பத்தில் லேசாக உரசல் சத்தம் வந்தது. காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பலமுறை குறைத்து ஓட்டியதும் அது போயிற்று. செராமிக் பேட் என்பதால் வீலில் கருந்தூள் குறைவு. குளிர்ந்த காலையில் முதல் பிடி மட்டும் சற்று மந்தம்.

அடுத்த முறையும் இதையேதான் வாங்குவேன், கிரீஸைத் தனியாக.