உயரமானி உள்ள ஜிபிஎஸ் வாங்கலாமா? நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

விலை குறைந்திருக்கிறது, உயரமானி உள்ள மாடலையே எடுத்துவிடலாமா என்று சென் தெனியிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். மலை நடைக்குக் கையில் எடுத்துப்போகும் ஜிபிஎஸ் கருவி இது, இரண்டு ஏஏ பேட்டரி போட்டு, பட்டன் அழுத்தி இயக்கும் வகை. திரை அளவு, மெமரி எல்லாம் கடைக்காரரே சொல்லுவார். நம் இந்தியப் பெருங்கடல் தீவான ரெயூனியனின் மலைகளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: திரையில் காட்டும் உயரம். உள்ளே இருப்பது காற்றழுத்த மானி. அழுத்தம் குறைந்தால் நாம் மேலே ஏறிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் வெப்பமண்டலத்தில், நாம் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தாலும், அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நாலுக்குத் தாழ்வு. இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி தாழ்வு. பகல் இறக்கம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு). கடல்மட்டத்தில் 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 8 மீட்டர் கணக்கு. ஆக, கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவரை மாலைக்குள் 25 மீட்டர் தூக்கிவிடும்.

இது போதாதென்று எதிர்த்திசையில் இன்னொரு பொய். கருவி கணக்குப் போடுவது கடல்மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்ற பொதுக் காற்றுக்கு. நம் மலைக்காற்று அதைவிட வெதுவெதுப்பு. பத்து டிகிரி வித்தியாசத்துக்கு ஏறிய உயரத்தில் 4 சதவீதம் போல் குறைத்துக் காட்டும். சிலாவோஸ் ஊர்ப் பக்கமிருந்து தீவின் மிக உயர்ந்த மலையான பித்தோன் தெ நெஜ் உச்சிக்கு (3,070 மீட்டர்) ஏறும்போது, இடையில் எங்கும் சரிசெய்யாவிட்டால், உச்சியில் நின்றுகொண்டிருக்கும்போதே அறுபது எழுபது மீட்டர் பாக்கி என்று காட்டக்கூடும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். தானியங்கி காலிபரேஷனை (கருவி தானே உயரத்தைச் சரிசெய்துகொள்வதை) தொடர்ச்சியாக ஓட விடாமல், கருவியை ஆன் செய்யும்போது ஒருமுறை மட்டும் என்று வையுங்கள். உயரம் எழுதிய வழிப்பலகையோ வரைபடத்தில் அச்சிட்ட புள்ளியோ வரும்போதெல்லாம் கையால் எண்ணைப் போடுங்கள். உச்சிக்குக் கீழே உள்ள காவெர்ன் துஃபூர் தங்குமிடத்தில் இரவு படுக்கும்முன் 2,478 என்று போட்டுவிட்டு, விடிகாலை மூன்றுக்குக் கிளம்பினால் உச்சியில் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கருவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதுதான் காரணம். கருவியின் முதுகில் உள்ள சிறு துளையில் சன்ஸ்கிரீனும் சேறும் அடைத்தால் இந்தக் கணக்கும் கெடும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும், ஊசியால் குத்தாதீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மொத்த ஏற்றம் எவ்வளவு என்று கேட்டால் இதற்கு இணை கிடையாது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் வெறும் ஜிபிஎஸ் காட்டும் உயரம் சில மீட்டர்கள் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தையெல்லாம் கூட்டினால், சோறு சாப்பிட உட்கார்ந்த இடத்தில்கூட ஏற்றம் சேர்ந்துகொண்டே போகும். மலைச்சுவர்கள் சூழ்ந்த மஃபாத்தில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஏறி இறங்கி நடப்பவருக்குக் கிலோமீட்டரைவிட இந்தக் கூட்டுத்தொகைதான் முக்கியம்.

அதே மஃபாத்தில் செங்குத்துச் சுவர்கள் வானத்தைப் பாதி மறைக்கும், சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும், தடம் பாதையை விட்டு ஓடைக்குள் இறங்கும். இதற்கு உயரமானி உதவாது. செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் ‘இரட்டை அலைவரிசை’ கருவி உதவும். கூடுதல் காசு இருந்தால் அதில் போடுங்கள்.

பட்டன் விஷயத்தில் குறையே இல்லை. மழையில் தொடுதிரை தானாக வரைபடத்தை இழுத்துக்கொண்டு போகும், பட்டன் போகாது. மஃபாத்துக்குச் சாலையும் இல்லை, மின்கம்பியும் இல்லை, சோலார்தான். தங்குமிடத்தில் சார்ஜ் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஏஏ பேட்டரி பையில் நாலு கிடந்தால் கவலை விட்டது. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவில் வகையையும் மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5, மாற்றாவிட்டால் நிறைந்த பேட்டரியையே தீரப்போகிறது என்று காட்டும். பேட்டரி மாற்றியதும் திசைகாட்டியையும் ஒருமுறை சுழற்றிச் சரிசெய்யுங்கள், எரிமலைப் பாறைமேல் வைத்துச் செய்யாமல்.

வீட்டில் பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: தீவின் பழைய வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வைத்திருந்த அளவை அடிப்படைக்கும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 அடிப்படைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். இப்போதைய 1:25,000 தாள்களோடு என்றால் கருவியில் டபிள்யூஜிஎஸ்84, யுடிஎம் (வரைபடக் கட்ட முறை) மண்டலம் 40 தெற்கு என்று வைத்தால் ஒத்துப்போகும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். உயரமானி இல்லாத மலிவு மாடலை எடுங்கள். இடம் சரியாக விழுந்தால் வரைபடத்தின் உயரக்கோடே உயரத்தைச் சொல்லிவிடும், மணிக்கொரு தரம் எண்ணைத் திருத்தும் தலைவலியும் இல்லை. என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், கொடுப்பதாக இல்லை.