கார் ஏசிக்கு 270 பீஸ் பச்சை ஓ-ரிங் பாக்ஸ் வாங்கலாமா?

ஆன்லைன்ல கார் ஏசி ஓ-ரிங்னு (பைப் ஜாயின்ட்ல கேஸ் கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) தேடினா முதல்ல வந்து நிக்கற பச்சை கலர் பாக்ஸ் பத்திதான் இது. 18 சைஸ், மொத்தம் 270 பீஸ், கட்டம் கட்டமா பிரிச்ச பிளாஸ்டிக் டப்பா, விலை சில நூறு ரூபாதான். பேரு லிஸ்டிங்குக்கு லிஸ்டிங் மாறும், உள்ள இருக்கற சரக்கு பெரும்பாலும் ஒண்ணுதான், அதனால எந்த பேருல வாங்கினாலும் நான் சொல்றது கிட்டத்தட்ட பொருந்தும். வாங்கலாம், ஆனா கையில தடிமனை நுணுக்கமா அளக்கற ஒரு வெர்னியர் கேலிப்பர் இருக்கணும், ஏசி பைப்புக்குள்ள இருக்கற காத்தை இழுத்தெடுக்கற வேக்கம் பம்ப் வெச்சிருக்கற, பொறுமையா வேலை பாக்கற ஒரு ஏசி மெக்கானிக்கும் தெரிஞ்சிருக்கணும். இந்த ரெண்டும் இல்லன்னா டப்பா அலமாரிலதான் கிடக்கும்.

எதுக்கு இவ்ளோ சின்ன ரப்பர் வளையத்துக்கு இவ்ளோ பெரிய ரிவ்யூனு கேப்பீங்க. அக்னி நட்சத்திரம் வந்தா போதும், ஏசி கடைங்க வாசல்ல வண்டி வரிசை கட்டி நிக்கும், பாதி பேரு சொல்றது ஒண்ணுதான், "போன வருஷம்தாங்க கேஸ் போட்டேன், மறுபடி கூலிங் இல்ல". ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் கிடையாதுங்க. கம்ப்ரசர், கண்டன்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், கூலிங் காயில்னு மூடின வட்டத்துக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கற சமாச்சாரம் அது. ரொம்ப வருஷத்துல ஹோஸ் ரப்பர் வழியா கொஞ்சம் கசியும், அது வேற. ஒரே வருஷத்துல கூலிங் போகுதுன்னா எங்கயோ லீக் இருக்கு, அதைத் தேடாம கேஸ் மட்டும் ஏத்தி அனுப்பற கடைக்கு நீங்க வருஷா வருஷம் போயிட்டே இருக்க வேண்டியதுதான். எங்க ஏரியா பக்கம் ஒரு கடைல அப்படித்தான் நடந்துச்சு, பிரஷர் பாக்கற கேஜ் மாட்டினாங்க, கேஸ் கேன் சொருகினாங்க, கூலிங் வந்துச்சு, காசு வாங்கினாங்க, லீக் பாருங்கன்னு கேட்டதுக்கு "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்"னு முடிச்சுட்டாங்க. இந்தப் பதிலை எங்க கேட்டாலும் வண்டியை எடுத்துட்டு கிளம்பிடுங்க. கேஸ் வெளிய போகும்போது கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமா கூடவே போகும், அதைக் கணக்குல எடுக்காம கேஸ் மட்டும் நிரப்பிட்டே இருந்தா ஒரு நாள் கம்ப்ரசர் ஜாம் ஆகி நிக்கும், அப்போ செலவு வேற லெவல்.

அப்புறம் போனது எங்க வீட்டுக்கிட்ட இருக்கற இன்னொரு அண்ணன் கடைக்கு. அவர் கேஸ் பக்கமே போகல. பானெட்டைத் தொறந்து டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்தாரு. கண்டன்சருக்குள்ள பைப் நுழையற இடத்துல, ஜாயின்ட்டைப் பிடிச்சிருக்கற 10 எம்எம் போல்ட் சுத்தி மட்டும் கருப்பா பிசுபிசுன்னு தூசி ஒட்டியிருந்துச்சு, பக்கத்துல எல்லாம் வெறும் காஞ்ச புழுதி. "தம்பி, ஆயில் இருக்கற இடத்துலதான் தூசி ஒட்டும், ஆயில் வந்துச்சுன்னா கேஸும் வந்திருக்கும்"னாரு. சோப்பு நுரை வெச்சுப் பாத்தா பொடிப் பொடியா முட்டை விட்டுச்சு. இது பெரிய லீக்குக்குத்தான் வேலை செய்யும். சின்ன லீக்னா யூவி டை (நீல லைட்டுல மின்னற சாயம்) ஏத்தி கொஞ்ச நாள் ஓட்டிட்டு வந்து நீல லைட் அடிச்சுப் பாக்கணும், இல்லன்னா எலக்ட்ரானிக் டிடெக்டர், இல்லன்னா சிஸ்டம் காலியானதும் நைட்ரஜன் ஏத்திப் பாக்கணும்.

இருந்த கேஸை மெஷின்ல இழுத்துக்கிட்டாரு. இதை முக்கியமா கவனிங்க, நிறைய கடைல வால்வை அமுக்கி புஸ்ஸுன்னு வெளிய விட்டுடுவாங்க. நிறைய கார் ஏசில இருக்கற ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ காத்துல கலந்தா 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு, ஒரு சின்ன கார்ல 400 கிராம் வெச்சுக்கிட்டா கூட 570 கிலோ கிட்ட வருது. அதுபோக அது மைனஸ் 26 டிகிரிலயே கொதிக்கற திரவம், கைல பட்டா தோல் உறைஞ்சு புண்ணாகிடும். அதனால மேல சொன்ன டப்பாவை வாங்கிட்டு யூடியூப் பாத்து வீட்டு வாசல்லயே நட்டைக் கழட்டலாம்னு யாராவது நினைச்சா தயவு செஞ்சு வேண்டாம்.

ஜாயின்ட்டைப் பிரிச்சதும் வெளிய வந்த பழைய ஓ-ரிங்தான் எனக்கு எல்லாத்தையும் புரிய வெச்சுது. வட்டமா உருண்டையா இருக்க வேண்டிய ரப்பர், மேலயும் கீழயும் தட்டையாகி ஓரம் சதுரமா நிக்குது. நகத்தால அமுக்கினா குழி விழுந்தது விழுந்தபடியே இருக்கு, லேசா வளைச்சதும் வெளிப்பக்கம் மயிரிழை மயிரிழையா வெடிப்பு தெரியுது. இன்ஜின் சூடு, அதிர்வு, அப்புறம் வருஷக்கணக்கா அமுங்கியே கிடந்தது, எல்லாம் சேர்ந்து ரப்பர் திரும்பி எழும்பற சக்தியை இழந்துடுது. ஓ-ரிங் அடைக்கறதே அந்த எழும்பற சக்தியாலதான். மாசக்கணக்கா ஏசி போடாம நிறுத்தி வெச்ச வண்டில இது இன்னும் சீக்கிரம் ஆகும், ஆயில் சுத்தாம சீல் எல்லாம் காஞ்சு போயிடும், அதனாலதான் மழைக்காலத்துலயும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசி ஓட விடுங்கன்னு சொல்றாங்க.

இப்போ பாக்ஸுக்கு வருவோம். மெட்டீரியல் எச்என்பிஆர்னு (ஒரு வகை செயற்கை ரப்பர்) போட்டிருக்கு, 134ஏ கேஸுக்கும் அதோட சுத்தற பிஏஜிங்கற கம்ப்ரசர் ஆயிலுக்கும் அதுதான் சரியான ரப்பர், சுமாரா 150 டிகிரி சூடு வரைக்கும் தாங்கற ரகம். ஆனா பச்சையா இருந்தாலே எச்என்பிஆர்னு அர்த்தம் இல்ல, கலர் யார் வேணும்னாலும் கலக்கலாம், கருப்புலயும் நல்ல எச்என்பிஆர் வருது. கைல எடுத்துப் பாத்த வரைக்கும் ரப்பர் நல்லாத்தான் இருக்கு, இழுத்து விட்டா பட்டுன்னு திரும்புது, அச்சுல ஊத்தின கோடு உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெலிசா தெரியுது, ஆனா ஒட்டு நீட்டிக்கிட்டு இருக்கறது ஒண்ணு ரெண்டுல மட்டும்தான், அதைத் தூக்கிப் போட்டுடணும்.

சைஸ்லதான் எனக்கு வருத்தம். மூடில ஒட்டின தாள்ல 1.78 எம்எம் தடிமன்னு போட்ட கட்டத்துல கேலிப்பர் வெச்சா சில பீஸ் 1.7க்கும் கீழ காட்டுது. இது என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஓ-ரிங்கை சுமாரா 20 சதவீதம் அமுக்கற மாதிரிதான் அது உக்கார்ற பள்ளத்தை வெட்டியிருப்பாங்க, 1.78ல அது 0.36 எம்எம் கிட்ட வரும், அதுல 0.1 எம்எம் குறைஞ்சா அமுக்கத்துல கால்வாசிக்கு மேல காலி. அன்னிக்கு கூலிங் வரும், அடுத்த கோடைல அதே ஜாயின்ட் மறுபடி கசியும். அதனால அளக்காம எதையும் மாட்டாதீங்க, பழைய ஓ-ரிங்கை அளந்தும் புதுசை எடுக்காதீங்க, அது ஏற்கனவே நசுங்கினது. பைப் முனையோட விட்டத்தையும் பள்ளத்தோட ஆழத்தையும் அளந்து எடுக்கணும், முடிஞ்சா பார்ட் நம்பர் பாத்து சைஸை உறுதி பண்ணிக்கணும்.

இன்னொரு குறை, 18 சைஸ்ல ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்கு உபயோகப்படறது நாலஞ்சு சைஸ்தான். அதுவும் கம்ப்ரசர் பக்கம் போற பெரிய லைனுக்கு வேணும்கற சைஸ் குறைச்சலா வெச்சிருக்காங்க, எதுக்குமே ஆகாத குட்டி சைஸ் கொட்டிக் கிடக்கு. சில கார்ல ஜாயின்ட்டுக்கு ஓ-ரிங்கே கிடையாது, உலோக வாஷர்ல ரப்பர் ஒட்டின மாதிரி ஒரு சீல் வரும், அது இந்த டப்பால இல்ல. கேஸ் ஏத்தற வால்வோட உள் பின்னும் இல்ல, அதுவும் அடிக்கடி லீக் ஆகற இடம்தான்.

அப்போ கடைல லூஸா வாங்கறது மேலா? சென்னைல இருக்கறவங்க ஜி.பி. ரோடு போனா சைஸ் சொல்லி ஒத்தை ஒத்தையா வாங்கலாம், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒரிஜினலும் பார்ட் நம்பர் சொன்னா வரவழைச்சுக் குடுப்பாங்க. ஒரே ஒரு ஜாயின்ட் வேலைன்னா ஒரிஜினல் ஓ-ரிங்தான் என் ஓட்டு, விலை கூடன்னாலும் ஒரு வளையத்துக்குத்தானே. பாக்ஸ் எங்க கை குடுக்கும்னா, ஒரு ஜாயின்ட்டுக்காகத் தொறந்த சிஸ்டத்துல வாகா கை போற மத்த ஜாயின்ட்டையும் சேர்த்து மாத்தும்போது. கேஸ் எப்படியும் காலி பண்ணியாச்சு, ஒண்ணு போனா அதே வயசு ரப்பர் மத்ததும் வரிசைல நிக்குதுன்னு அர்த்தம், அண்ணனும் அதைத்தான் சொன்னாரு. கண்டன்சர் ரெண்டு ஜாயின்ட், கம்ப்ரசர் ரெண்டு பைப், ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் உள் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) எக்ஸ்பான்ஷன் வால்வ் பக்கம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிச்சோம். கண்டன்சர் இன்லெட்டுக்கு மட்டும் ஒரிஜினல், மத்ததுக்கு பாக்ஸ்ல அளந்து தேறினது.

மாட்டற விதத்துலயும் விஷயம் இருக்கு. பள்ளத்தைத் துணியால துடைக்கணும், ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நோண்டினா அலுமினியத்துல கீறல் விழும், அப்புறம் எந்த ஓ-ரிங் போட்டாலும் நிக்காது. ஓ-ரிங் மேல கிரீஸ் தடவக் கூடாது, ஏசி ஆயில்தான் ஒரு சொட்டு. முறுக்காம உக்காரணும். நட்டு வெச்ச ஜாயின்ட்னா ரெண்டு ஸ்பேனர் போட்டுத்தான் டைட் பண்ணணும், இல்லன்னா பைப்பே முறுக்கிக்கும். அந்த 10 எம்எம் போல்ட்டை பலம் போட்டு இறுக்கறது வீண், ரப்பர்தான் அடைக்குது, போல்ட் அதைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

அடுத்து வேக்கம். அண்ணன் அரை மணி நேரத்துக்கு மேல இழுத்தாரு, பம்பை ஆஃப் பண்ணிட்டு டீ சொன்னாரு, நாங்க குடிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் பேசிட்டு வந்தும் கேஜ் முள்ளு இருந்த இடத்துலயே நின்னுச்சு, அப்படின்னா பெரிய லீக் எதுவும் இல்லன்னு அர்த்தம். வேக்கம் இழுக்கறது உள்ள இருக்கற ஈரத்தை எடுக்கறதுக்கும்தான், பிஏஜி ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கும், கேஸோட ஈரம் சேர்ந்தா உள்ளுக்குள்ள அரிக்கும். சிஸ்டம் நிறைய நேரம் தொறந்து கிடந்திருந்தா, உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கற டிரையரையும் மாத்திடணும். கேஸை பானெட் அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்ட கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏத்தினாரு, கேஜ் முள்ளைப் பாத்து குத்துமதிப்பா ஏத்தறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க, அளவு கூடினாலும் கூலிங் குறையும். முன்னாடி கம்ப்ரசர் கிளட்ச் டக் டக்னு நிமிஷத்துக்கு பல தடவை விழுந்து எழுந்துட்டு இருந்துச்சு, இப்போ நிதானமா பிடிச்சு ஓடுது, மத்தியான வெயில்ல கிண்டி சிக்னல்ல நின்னாலும் கூலிங் குறையல.

கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் போயிருந்தா இந்த பாக்ஸ் உதவாது, கம்ப்ரசரை இறக்கித்தான் ஆகணும். கூலிங் காயில் ஓட்டைன்னா டேஷ்போர்டைக் கழட்டற வேலை. கேஸோட சேர்த்து ஊத்தற லீக் ஸ்டாப் டின்னை மட்டும் யாரு சொன்னாலும் ஒத்துக்காதீங்க, உள்ள ஈரம் இருந்தா அது எக்ஸ்பான்ஷன் வால்வ்லயே இறுகி அடைச்சுக்கும், அப்புறம் நல்ல கடைக்காரங்க, அவங்க மெஷினும் அடைச்சுக்கும்னு பயந்து, அதை உங்க வண்டில மாட்டவே யோசிப்பாங்க.

பாக்ஸுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார். ரப்பருக்குக் குடுத்த மார்க்கை சைஸ் பிசகுல குறைச்சிருக்கேன். வாங்கறவங்க டப்பாவை வெயில் படாத இடத்துல மூடி வைங்க, சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.