அட்ரினலின் கலந்த லிக்னோகைனா, தனி மெபிவகைனா?

இரண்டும் பல் வைத்தியத்தில் போடும் மரப்பூசி மருந்துகள். லிக்னோகைனைத் தனியாகப் போட்டால் ஈறின் ரத்தக்குழாய்கள் விரியும். மருந்தை ரத்தமே அடித்துக்கொண்டு போய்விடும். பல்கூழ் (பல்லுக்குள் நரம்பு இருக்கும் மென்திசு) மரப்பு பத்து நிமிடம் நின்றாலே அதிகம். அதனால்தான் 2% மருந்தில், குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் 1:80,000 அளவில், அதாவது மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். 3% மெபிவகைன் குழாய்களை அவ்வளவாக விரிக்காது, துணை தேவையில்லை.

பல்கூழ் மரப்பு: லிக்னோகைன் கலவை சுமார் 60 நிமிடம், மெபிவகைன் பல்லருகே போட்டால் 20, நரம்புத் தடுப்பில் (நரம்பின் தண்டருகே போட்டால்) 40.
ரத்தக் கசிவு: முதலாவதில் ஈறு வெளுத்து இடம் தெளிவாகத் தெரியும், இரண்டாவதில் பஞ்சு கையிலேயே இருக்கட்டும்.

அண்ணத்தில்தான் தவறு நடக்கிறது. அங்கே திசு எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். அட்ரினலின் கலவையை அழுத்தி ஏற்றினால் ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் அந்த இடம் புண்ணாகிவிடும். சொட்டுச் சொட்டாக ஏற்றி, வெளுத்ததும் நிறுத்துங்கள்.

இன்னொன்று, அட்ரினலின் தீர்ந்ததும் குழாய்கள் மறுபடி விரியும், வீட்டில் கசியலாம். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்ததைப் பார்த்தே அனுப்புங்கள்.

கடைவாய் ஞானப்பல் அறுவைக்கு லிக்னோகைன் கலவை. சின்ன வேலைக்கும், புரோப்ரனலால் (ரத்த அழுத்த, இதய மாத்திரை) சாப்பிடுபவருக்கும் மெபிவகைன். கடும் இதய நோயாளிக்குக் கலவைதான் வேண்டுமென்றால் 3.2 மில்லியைத் தாண்டாதீர்கள். அதிலேயே 40 மைக்ரோகிராம் அட்ரினலின் இருக்கிறது.