புள்ளியா, வட்டமா, வில்லையா? கொழும்பு மொட்டைமாடிக்கு ஏற்ற பைண்டர்

“மாமா, சிவப்புப் புள்ளி வடிவா தெரியுது. ஆனா நட்சத்திரத்தைக் காணேல்லை.”

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் அக்காவின் மகள் இப்படிச் சொன்னபோது, பிழை அவளுடையது அல்ல என்று எனக்குத் தெரியும். பைண்டர் என்பது தொலைநோக்கியின் மேல் பூட்டி, அதை வானத்தில் வேண்டிய இடத்துக்குக் குறிவைக்க உதவும் சிறு கருவி. தொலைநோக்கியோடு வந்த மலிவான ரெட் டொட் (சிவப்புப் புள்ளி) பைண்டரின் வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்தாலும், அது ஒரு மங்கலான நட்சத்திரத்தை விழுங்கிவிடுகிறது. கொழும்பில் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். பைண்டரின் விலையைவிட, நீங்கள் நிற்கும் இடத்தில் வெறுங்கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்பதே பெரிய கேள்வி.

சிவப்புப் புள்ளியைப் பலர் துப்பாக்கிக்காரர்களின் சொத்தாக நினைக்கிறார்கள். 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ட் நிறுவனம் மின்சாரச் சிவப்புப் புள்ளியைத் துப்பாக்கிக்காகக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதன் மூல யோசனைக்கு 1900இல் காப்புரிமை பெற்ற ஹோவர்ட் கிரப், டப்ளினில் தொலைநோக்கிகள் செய்தவர். சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது, அது எல்லையற்ற தூரத்திலிருந்து வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அதனால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி வானத்தில் அதே இடத்தில்தான் நிற்கும். இந்த அருமையான வேலையை மிக மலிவான பைண்டரும் செய்கிறது.

ரெட் டொட் பைண்டரின் பலம் அதன் எளிமை. உருப்பெருக்கம் இல்லை, படம் தலைகீழாகவும் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வியாழனின் மேல் புள்ளியை வைத்தால், வியாழன் கண்வில்லைக்குள், அதாவது தொலைநோக்கியில் நாம் கண் வைக்கும் வில்லைக்குள், வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். சீஆர் 2032 பட்டன் பற்றரியை புறக்கோட்டையில் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் வாங்கலாம். அணைக்க மறந்தால் மட்டும் மறுநாள் செத்துக் கிடக்கும். கண்ணாடியின் நீலச்சாயம் நட்சத்திர ஒளியில் கொஞ்சத்தைத் தின்பது இன்னொரு குறை. புள்ளியின் வெளிச்சம் கூடினால், விளக்கின் முன்னால் கறுப்பு மார்க்கரால் மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். நான் செய்தேன், மருமகளின் முறைப்பாடு பாதியாகக் குறைந்தது.

அடுத்தது டெல்ராட் என்ற பைண்டர். புள்ளிக்குப் பதிலாக அரை, இரண்டு, நான்கு பாகை அகலமுள்ள மூன்று சிவப்பு வட்டங்களை வானத்தில் காட்டும். அரைப் பாகை என்பது முழுநிலவின் அகலம். ஸ்டெலேரியம் என்ற வான்பட செயலியிலும் இதே வட்டங்களைப் போட்டுப் பார்க்கலாம் என்பதால், படத்தையும் வானத்தையும் பொருத்துவது மிகச் சுகம். வெளிச்சத்தையும் வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம். மன்னார், கற்பிட்டிப் பக்கம் இருண்ட கரைக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோகிறவர் வேறு யோசனையே இல்லாமல் இதை வாங்கலாம். ஆனால் ஆள் பெரியது. 70 மில்லிமீற்றர் சிறு குழாயில் பூட்டினால் தலைக்கனம் கூடிச் சாயும். சாய்ந்த கண்ணாடியில் பனியும் சீக்கிரம் படியும். சிறு குழாய்க்கு ரைஜெல் குவிக்ஃபைண்டர் பொருத்தம். பாரம் குறைவு, அரை, இரண்டு பாகை வட்டங்கள் இரண்டு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. குறிவைக்க, கண்ணுக்கு ஏதாவது தெரிய வேண்டும்.

பூசத்தை எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்தன்று முழுநிலவு நிற்கும் அந்த நட்சத்திரத்தில், தேன்கூடு என்று சொல்லப்படும் அழகான நட்சத்திரக் கொத்து ஒன்று இருக்கிறது. முழுநிலவுகள் மூன்றை வரிசையாக வைத்த அகலம். வெள்ளவத்தையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கமே வெறுமை. புனர்பூசம் தெரியும், மகம் தெரியும், இடையில் ஒன்றுமில்லை. சிவப்புப் புள்ளியை எங்கே வைப்பது? டெல்ராட்டின் மூன்று வட்டங்களும் அங்கே வெறுமையைத்தான் சுற்றிவளைக்கும்.

இங்கேதான் வில்லை உள்ள பைண்டர் வெல்கிறது. 50 மில்லிமீற்றர் வில்லை கண்ணைவிடப் பலமடங்கு ஒளியைச் சேர்க்கும். அதன் பார்வைப் பரப்பு ஐந்து பாகைக்குக் குறையாது. புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவில், சற்றே புனர்பூசப் பக்கமாக மெல்லத் துழாவினால், நகர வெளிச்சத்துக்குள்ளும் கொத்து பொலபொலவென்று வந்து விழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வாங்குவதானால் செங்கோணமாக மடங்கிய, படத்தை நேராகக் காட்டும் வகையை வாங்குங்கள். கொழும்பு 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. கோள்கள் செல்லும் பாதை உச்சந்தலைக்கு மிக அருகால் போகிறது. உச்சியில் நிற்கும் வியாழனை நேர்க்குழாய் பைண்டரில் பார்க்க, சீமெந்துத் தரையில் முழங்காலிட்டுக் கழுத்தை முறிக்க வேண்டும். சிவப்புப் புள்ளிக்கும் இதே கதிதான். மடங்கிய பைண்டரில் குனிந்து பார்த்தால் போதும். இதன் குறை, குழாய் எந்தத் திசையில் நிற்கிறது என்ற உணர்வே வராது. அதனால் பழைய சிவப்புப் புள்ளியைக் கழற்றி எறியாதீர்கள். அது இடத்தைக் காட்டும், வில்லை பொருளைக் காட்டும். ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். 5x24 (ஐந்து மடங்கு உருப்பெருக்கம், 24 மில்லிமீற்றர் வில்லை) என்று எழுதிய பிளாஸ்ரிக் பைண்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உள்ளே துளையை ஒடுக்கிப் பாதி ஒளியைக் கூட விடாதவையே அதிகம்.

இப்போதைக்குக் கையில் காசில்லை என்றால், இருக்கிற சிவப்புப் புள்ளியோடு ஒரு 32 மில்லிமீற்றர் கண்வில்லை. 650 மில்லிமீற்றர் குவியத்தூரத் தொலைநோக்கியில் அது 20 மடங்கு உருப்பெருக்கமும் இரண்டரைப் பாகைப் பரப்பும் தரும். தொலைநோக்கியே பைண்டராகிவிடும். எங்கள் மாடியில் ஒரு வருடம் இப்படித்தான் ஓடியது.

பச்சை லேசரைப் பூட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இரத்மலானை விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. விமானியின் கண்ணைக் கூசவைக்கும் கதிரைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியாது.

எதை வாங்கினாலும் பொழுதுபடுமுன் சரிபார்த்துவிடுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பாமல். எங்கள் மாடியிலிருந்து தாமரைக் கோபுரத்தின் நுனி தெரிகிறது. அதைக் கண்வில்லையின் நடுவில் நிறுத்தி, பைண்டரின் திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அதே நுனியில் உட்காரவைப்போம். இருட்டிய பிறகு வியாழனில் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்தத் திருகுகளை மருமகள்தான் பிடிக்கிறாள்.